20 வயதில் 9.99 ஓடிய தோர்த்து பிறகு என்ன ஆனார்?

கேள்வி இதுதான்: "இத்தாலியின் ஃபிலிப்போ தோர்த்து 20 வயதிலேயே 100 மீட்டரைப் பத்து விநாடிக்குள் ஓடினார் என்று படித்தேன். அதற்குப் பிறகு 100 மீட்டரில் அவர் பெயரையே காணோம். ஆள் வீணாகிவிட்டாரா?"

வீணாகவில்லை. ஒலிம்பிக் தங்கம் வைத்திருக்கிறார். உலகப் போட்டியில் வெள்ளி, ஐரோப்பியப் போட்டிகளில் தங்கம், வெள்ளி, வெண்கலம் மூன்றும் உண்டு. ஆனால் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. 9.99 என்பதை வைத்து இத்தாலி அவரிடம் எதிர்பார்த்தது வேறு, அவர் கொடுத்தது வேறு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தோர்த்து 200 மீட்டருக்கென்று அமைந்த கால்களோடு வந்தவர். நூறு மீட்டரில் ஒரே ஒரு மாலைப்பொழுதில் விழுந்த எண் அவருக்குப் பட்டப்பெயர் போல ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து அவர் வெளியே வர மூன்று வருஷம் ஆயிற்று.

(பெயரைப் பார்த்துக் குமரி மாவட்டத்துக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே தோர்த்து என்றால் துண்டு. இந்தத் தோர்த்து துடைப்பதற்கு அல்ல. சார்தீனியாத் தீவுக் குடும்பப் பெயர்.)

பிறந்தது 1998 ஜூன் 15, மிலானில். வளர்ந்தது மிலானுக்கு வடக்கே பிரியான்சா பகுதியில். அப்பா சல்வீனோ சார்தீனியாவிலிருந்து வந்தவர், அவரும் இளமையில் வேக ஓட்டக்காரர். அண்ணன் ஜாக்கோமோவும் ஓடியவர். ஃபிலிப்போவுக்குப் பயிற்சியாளர் அப்பாவேதான். 9.99 வந்தபோதும், டோக்கியோவில் தங்கம் வந்தபோதும் ஸ்டாப்வாட்ச் அவர் கையில்தான் இருந்தது. அப்பாவே கோச் என்பதில் ஒரு நல்லது, பையனின் உடம்பு அவருக்குக் குழந்தையிலிருந்து தெரியும். அவசரப்பட்டு எடை தூக்க வைத்துக் கெடுக்க மாட்டார். கெட்டதும் உண்டு. சாப்பாட்டு மேசையிலும் அதே பேச்சுதான், தோற்ற நாளில் வீட்டுக்குப் போனால் கோச்சும் அங்கேயே இருப்பார். இந்தக் குடும்பத்தில் நல்லதே மேலோங்கியது என்றுதான் எனக்குப் படுகிறது. பையனை ஜூனியர் வயதில் பிழிந்து எடுக்காமல் விட்டார்கள்.

ஆரம்பம் அவ்வளவு மங்களகரமாக இல்லை. 2014-ல் சீனாவின் நான்ஜிங்கில் நடந்த இளையோர் ஒலிம்பிக்கில், 16 வயதில், ஓட்டத்தின் முடிவில் கோட்டருகே விழுந்து இரண்டு கைகளையும் முறித்துக்கொண்டார். கால் தப்பித்ததே என்று சொல்லலாம்தான். ஆனால் வேக ஓட்டத்தில் கை வீச்சுதான் காலுக்குத் தாளம். பிளாக்கில், அதாவது கிளம்பும்போது கால் ஊன்றும் கட்டையில், உட்காரும்போது உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு விரல்களில்தான் நிற்கும். இரண்டு கைகளும் கட்டுக்குள் போனால் கிட்டத்தட்ட முதலிலிருந்து கற்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து, 2016 ஜூலையில், போலந்தின் பித்கோஷ்ச் நகரில் 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டி. 100 மீட்டரில் தோர்த்து 10.24, வெள்ளி. அவரை முந்தியவர் 10.17 ஓடிய அமெரிக்கப் பையன். பெயர் நோவா லைல்ஸ். ஆம், 2024 பாரிஸில் 100 மீட்டர் தங்கத்தை ஆயிரத்தில் ஐந்து பங்கு வித்தியாசத்தில் எடுத்த அதே லைல்ஸ். அந்தப் பாரிஸ் ஓட்டத்தில் பாதி தூரம்வரை லைல்ஸ் பின்னால்தான் இருந்தார், பிறகுதான் மேலே வந்தார். 2016-ல் முதல் இரண்டு இடம் பிடித்த இருவருமே பின்பாதி ஆட்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

2017-ஐப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அந்த வருஷம்தான் முக்கியமாகத் தெரிகிறது. ஜூன் மாதம் ரோமில் கோல்டன் காலா நடந்தது. பழைய இத்தாலிய ஓட்டக்காரர் பியெத்ரோ மென்னேயா பெயரால் நடக்கும், உலகின் முன்னணித் தடகளத் தொடரான டயமண்ட் லீக்கின் போட்டி அது. பத்தொன்பதாவது பிறந்தநாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கையில், பெரியவர்களோடு நின்று 200 மீட்டரை 20.34-ல் ஓடினார். அந்த வயதில் எந்த ஐரோப்பியப் பையனுக்கும் அது பெரிய நேரம். அதே கோடையில் லண்டன் உலகப் போட்டியில் 200 மீட்டர் அரையிறுதி வரை போனார். அதாவது 'இவன் 200 மீட்டர்காரன்' என்பதற்கான சாட்சி அப்போதே கண்முன் இருந்தது.

நடுவே ஒரு வேடிக்கை. ஜூலையில் குரோசெத்தோவில் 20 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் போட்டி. 100 மீட்டர் இறுதியில் தோர்த்து தங்கம் வென்ற நேரம் எவ்வளவு தெரியுமா? 10.73. பள்ளி மாணவன் ஓடுகிற நேரம். காரணம் எதிர்க்காற்று, விநாடிக்கு 4.3 மீட்டர். மழைக்கு முன் வரும் காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு அது புரியும், மிதிக்க மிதிக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது போல் இருக்கும். நேரத்தை மட்டும் வைத்து ஓட்டக்காரரை எடை போடுகிறவர்களுக்கு இந்த 10.73-ஐத்தான் காட்டுவேன்.

இனி அந்த 9.99. அதன் கனம் புரிய மென்னேயாவைச் சொல்லாமல் முடியாது.

பியெத்ரோ மென்னேயா தெற்கு இத்தாலியின் பார்லெத்தா ஊர்க்காரர், 1952-ல் பிறந்தவர். ஒல்லி உடம்பு. மணிக்கணக்கில், வருஷக்கணக்கில் பயிற்சி, பயிற்சி, பயிற்சி. நான்கு பட்டங்கள் படித்தார், பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்றத்திலும் உட்கார்ந்தார். 1979 செப்டம்பரில் மெக்சிகோ நகரத்தில் நடந்த பல்கலைக்கழக விளையாட்டுப் போட்டியின் போது 100 மீட்டரை 10.01-ல் ஓடினார். சில நாள் கழித்து அதே இடத்தில் 200 மீட்டரை 19.72-ல் ஓடி உலக சாதனை. அந்த 19.72-ஐ முறிக்க மைக்கேல் ஜான்சன் 1996-ல் வர வேண்டியிருந்தது. 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் 200 மீட்டர் தங்கமும் மென்னேயாவுக்கே. இத்தாலியில் ஒரு பையன் வேகமாக ஓடினால் 'உன்னை மென்னேயான்னு நெனச்சியா?' என்று கேட்கும் அளவுக்கு அந்தப் பெயர் வீட்டுப் பெயராகிவிட்டது. 2013-ல் இறந்தார்.

மெக்சிகோ நகரம் கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று மெல்லியது, ஓடும் உடம்பைப் பிடித்து இழுக்காது. ஆகவே 10.01-ஐச் சமதளத்தில் முறிப்பது இன்னும் கடினம். 39 வருஷம் எந்த இத்தாலியனாலும் முடியவில்லை.

2018 மே மாதம் லிகூரியக் கடற்கரையில் உள்ள சவோனாவில் தோர்த்து 10.03 ஓடினார். மலைச்சரிவில் இருக்கும் சின்ன மைதானம் அது. வேகமான டிராக் என்று ஓட்டக்காரர்கள் மத்தியில் பேர். ஜூன் 22-ஆம் தேதி மத்ரித். அந்த ஓட்டத்தில் ஜெயித்தவர் சீனாவின் சூ பிங்தியன், 9.91. ஆனால் இத்தாலியத் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குச் சூ யார், யார் ஜெயித்தார் என்பதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. தோர்த்து 9.99. பின்னாலிருந்து தள்ளும் துணைக்காற்று விநாடிக்கு வெறும் 0.2 மீட்டர். இருபதாவது பிறந்தநாள் முடிந்து ஒரு வாரம்.

அன்றைக்குப் பிறகு இரண்டு விதமான எழுத்து பெருகியது. ஒன்று, மென்னேயாவின் வாரிசு. இன்னொன்று, தோல் நிறக் கணக்கு. பிரான்சின் கிறிஸ்டோஃப் லெமேத்ர் 2010-ல் 9.98 ஓடியபோதும் இதே கூத்து நடந்தது, 'பத்துக்குள் ஓடிய முதல் வெள்ளையர்' என்று. ஓடியவர்கள் இருவருமே அந்தப் பேச்சை விரும்பியதாகத் தெரியவில்லை, நானும் அதற்குள் போகப்போவதில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லெமேத்ரின் மிகச் சிறந்த ஓட்டம் எது? 2011 தேகு உலகப் போட்டியில் 200 மீட்டர் வெண்கலம், 19.80. அவரும் உயரமான, மெதுவாகக் கிளம்பி வேகமாக முடிக்கிற ஆள். அவரையும் உலகம் 100 மீட்டர் எண்ணால்தான் நினைவில் வைத்திருக்கிறது.

இங்கே ஓட்டத்தின் உள்விவகாரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்வது வெறும் அபிப்பிராயமாகிவிடும்.

100 மீட்டர் பார்ப்பவர்களுக்குக் கடைசி 30 மீட்டரில் யாரோ சிலர் வேகம் எடுத்து முந்துவது போலத் தெரியும். உண்மையில் அங்கே யாரும் வேகம் எடுப்பதில்லை. உச்ச வேகம் 50-லிருந்து 70 மீட்டருக்குள் வந்துவிடும். அதன்பின் எல்லோருக்கும் இறங்குமுகம்தான். குறைவாக இறங்குபவர் முந்துவது போலத் தெரிகிறார். தோர்த்துவின் சொத்து இதுதான். உச்ச வேகத்துக்கு வந்துவிட்டால் அதை விடாமல் பிடித்து வைத்திருப்பார், தோள் இறுகாது, முழங்கால் தாழாது. அவர் உயரம் 1.87 மீட்டர். நீளக் கால் சுழன்று வருவது பார்க்க அழகு. ஆனால் அதே நீளக் கால்தான் பிளாக்கில் பாரம். மடங்கிக் கிடக்கும் நீண்ட நெம்புகோல்களை முதல் ஆறேழு அடிகளில் வேகமாக விரித்து மடக்க வேண்டும். குட்டையான, கட்டான ஆட்கள் அங்கே துப்பாக்கிக் குண்டு மாதிரிப் போய்விடுவார்கள். உலகத் தரத்தில் முதல் 30 மீட்டரில் விட்டது விநாடியில் நூறில் ஐந்தாறு பங்கு என்றால்கூட அதை 100 மீட்டருக்குள் மீட்க இடமில்லை. 200 மீட்டரில் இருக்கிறது.

நான் கல்லூரி நாட்களில் 200 ஓடியவன், அதனால் இது கொஞ்சம் சொந்தக் கதையும்கூட. ஆசைப்பட்டு ஒருமுறை 100-க்குப் பெயர் கொடுத்தேன். வெடி கேட்டு நிமிர்வதற்குள் எதிரே நான்கு முதுகுகள். கடைசியில் இரண்டு பேரைப் பிடித்தேன், மூன்றாமவரைப் பிடிக்கும் நேரத்தில் கோடு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. தோர்த்துவின் 100 மீட்டர் ஓட்டங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த மூன்றாவது முதுகு எனக்கு ஞாபகம் வரும்.

மத்ரித்துக்குப் பிறகு அவரால் 200 பக்கம் திரும்ப முடியவில்லை. பத்துக்குள் ஓடிய இத்தாலியன் நூறில்தான் நிற்க வேண்டும் என்று நாடே எதிர்பார்த்தது. அந்த ஆகஸ்டில் பெர்லின் ஐரோப்பியப் போட்டியில் 10.08 ஓடி ஐந்தாம் இடம். தங்கம் வென்ற பிரிட்டனின் சார்னல் ஹியூஸ் 9.95. மோசமான ஓட்டம் இல்லை. ஆனால் பதக்கம் இல்லையே என்று பத்திரிகைகள் முகம் சுளித்தன.

2019 மே மாதம் ரியேத்தியில் 9.97 ஓடினார். அசஃபா பவல் 2007-ல் 9.74 உலக சாதனை ஓடிய அதே மைதானம். ஆனால் துணைக்காற்று 2.4, அனுமதி 2.0 வரைதான். பட்டியலில் ஏறவில்லை. குரோசெத்தோவில் காற்று எதிரே நின்று கேலி செய்தது, ரியேத்தியில் பின்னால் நின்று கேலி செய்தது. அடுத்த மாதம் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் ஓடும்போது தொடையின் பின்தசை பிடித்துக்கொண்டது. வேக ஓட்டக்காரர்கள் பேயைவிட அதிகம் பயப்படுவது அதற்குத்தான்.

அதிலிருந்து எழுந்து செப்டம்பரில் தோகா உலகப் போட்டிக்கு வந்து, 100 மீட்டர் இறுதிக்குள் நுழைந்தார். 1987-ல் ரோமில் பியர்பிரான்செஸ்கோ பவோனி ஓடியதற்குப் பிறகு உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் நின்ற முதல் இத்தாலியர். இறுதியில் 10.07, ஏழாம் இடம். முதலில் வந்த கிறிஸ்டியன் கோல்மன் 9.76. கோல்மன் குட்டையானவர், முதல் 60 மீட்டரில் அவரைத் தொட ஆள் கிடையாது. தோர்த்துவுக்கு எது இல்லையோ அது முழுக்க அவரிடம் இருந்தது. அந்த ஏழாம் இடத்தை நான் தோல்வியாகப் பார்க்கவில்லை. தன் நிகழ்ச்சியே அல்லாத ஒன்றில் உலகின் எட்டுப் பேரில் ஒருவராக நின்றார்.

பிறகு வந்தார் ஜேக்கப்ஸ்.

மார்செல் ஜேக்கப்ஸ் டெக்சாஸின் எல் பாசோவில் பிறந்து, இத்தாலிய அம்மாவிடம் கார்தா ஏரிக்கரை ஊரில் வளர்ந்தவர். நீளம் தாண்டுபவராக இருந்து ஓட்டத்துக்கு வந்தவர், தோர்த்துவைவிட நான்கு வயது மூத்தவர். 2021 மே மாதம் அதே சவோனாவில் 9.95 ஓடி தோர்த்துவின் தேசிய சாதனையை எடுத்துக்கொண்டார். மென்னேயாவிடமிருந்து தோர்த்து வாங்கிய பட்டம் மூன்று வருஷம்கூடத் தாங்கவில்லை. ஆகஸ்ட் 1, டோக்கியோ. ஜேக்கப்ஸ் 9.80, ஒலிம்பிக் தங்கம். யாருமே எதிர்பார்க்காத தங்கம். தோர்த்து அரையிறுதியோடு வெளியே.

அந்த இரவு தோர்த்துவுக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். மூன்று வருஷம் 'இத்தாலியின் நூறு மீட்டர்காரன்' என்று தூக்கி வைத்திருந்தார்கள். இப்போது அந்த இடத்தில் இன்னொருவர், அதுவும் தங்கத்தோடு. என் கணக்கில் இதுதான் அவருக்கு நடந்த நல்லது. முதுகிலிருந்த மூட்டை இறங்கியது.

ஐந்து நாள் கழித்து, ஆகஸ்ட் 6, 4×100 மீட்டர் ரிலே. நான்கு பேர் ஆளுக்கு நூறு மீட்டராக, பேட்டன் என்ற கோலைக் கைமாற்றி ஓடும் தொடர் ஓட்டம். இதைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன், தோர்த்து யார் என்பது இந்த ஒரு ஓட்டத்தில்தான் முழுசாகத் தெரியும்.

இத்தாலியின் வரிசை: லொரென்சோ பத்தா, ஜேக்கப்ஸ், ஃபவுஸ்தோ தெசாலு, தோர்த்து. பத்தா சார்தீனியாவின் ஒரிஸ்தானோக்காரர், வயது 21, அதுவரை வெளியுலகம் கேள்விப்படாத பெயர். தெசாலு நைஜீரியத் தாய்க்கு இத்தாலியில் பிறந்தவர். அந்த அம்மா வீடுகளில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்து பிள்ளையை வளர்த்தவர். அங்கே பிறந்திருந்தும் 18 வயது ஆன பிறகுதான் தெசாலுவுக்குக் குடியுரிமை கிடைத்தது. அவரும் 200 மீட்டர்காரர், வளைவு ஓட அவர்தான் சரி. ரிலேயை வடிவமைத்த பயிற்சியாளர் ஃபிலிப்போ தி மூலோ. யார் எந்தப் பகுதியை ஓடுவது என்று அவர் அடுக்கியதுதான் பாதி வெற்றி. ஒலிம்பிக் சாம்பியனைக் கடைசியில் வைக்காமல் இரண்டாவதில் வைத்தார். கடைசிக்கு, நேராக ஓடிக்கொண்டே வேகத்தை விடாமல் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும்.

ரிலேயில் ஓடுபவருக்கு பிளாக் கிடையாது, முதல் ஆளைத் தவிர. மற்ற மூவரும் டிராக்கில் ஒட்டிய டேப் அடையாளத்தை வருபவர் தாண்டியதும் கிளம்ப வேண்டும். பேட்டன் மாற்றும் பகுதி 30 மீட்டர், அதற்குள் இருவரும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் இருக்கும் கணத்தில், திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்டி வாங்க வேண்டும். சீக்கிரம் கிளம்பினால் பேட்டன் எட்டாது, தாமதித்தால் வருபவர் வந்து மோதுவார். சரியாக அமைந்தால் வாங்குபவர் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பார். அதனால்தான் நான்கு பேரின் தனி நேரங்களைக் கூட்டினால் வருவதைவிட ரிலே நேரம் அவ்வளவு குறைகிறது. அன்று இத்தாலி ஓடிய 37.50-ஐ நான்கால் வகுத்தால் ஆளுக்கு 9.4-க்கும் கீழே.

தோர்த்துவின் பிரச்சினை எங்கே இருந்தது? பிளாக்கிலிருந்து முதல் 30 மீட்டரில். ரிலேயின் கடைசிப் பகுதி அந்த 30 மீட்டரைக் கத்தரித்து எடுத்துவிட்டு மீதியை மட்டும் ஓடச் சொல்கிறது. அவருக்கென்றே தைத்த சட்டை மாதிரி.

ஹீட்ஸ் என்ற முதல் சுற்றில் 37.95, புதிய தேசிய சாதனை. அமெரிக்கா ஹீட்ஸிலேயே சொதப்பி வெளியே போயிருந்தது. இறுதியில் கடைசி மாற்றம் முடிந்தபோது பிரிட்டன் முன்னால். அதன் கடைசி ஆள் நெதனீல் மிட்செல்-பிளேக், அவரும் 200 மீட்டர்காரர், லேசுப்பட்டவர் இல்லை. தோர்த்து பேட்டனை வாங்கும்போது அவர் முதுகு தெரிந்தது. 50 மீட்டரில் இன்னும் தெரிந்தது. 80-ல் தோள் பக்கத்தில். கோட்டில் இருவரும் மார்பைத் தள்ளினார்கள். பலகையில் எண் வரும்வரை யாருக்கும் தெரியாது. வந்தது: இத்தாலி 37.50, பிரிட்டன் 37.51. தோர்த்துவின் கடைசி 100 மீட்டர் சுமார் 8.8 விநாடி.

ஒரு மாதத்துக்கு முன்புதான் வெம்ப்ளியில் இங்கிலாந்தைப் பெனால்ட்டியில் தோற்கடித்து இத்தாலி கால்பந்து ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கியிருந்தது. இப்போது நூறில் ஒரு பங்கில் மறுபடியும். பிரிட்டிஷ்காரர்களுக்கு அந்தக் கோடை எப்படிப் போயிருக்கும் என்று கேட்காதீர்கள். அதோடும் முடியவில்லை. பிரிட்டன் அணியின் முதல் ஓட்டக்காரர் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியதால் 2022 பிப்ரவரியில் அந்த வெள்ளியும் பறிபோனது. கனடா வெள்ளிக்கு ஏறியது, சீனாவுக்கு வெண்கலம்.

டோக்கியோவுக்குப் பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். அடுத்த மாதமே நைரோபியில் 200 மீட்டரை 20.11-ல் ஓடினார். 200-தான் தன் நிகழ்ச்சி என்ற முடிவும் உறுதியானது. 2022-ல் யூஜின் உலகப் போட்டி அரையிறுதியில் 20.10 ஓடியும் இறுதிக்குள் போக முடியவில்லை. எத்தனையோ வருஷங்களில் அந்த நேரம் இறுதிக்குப் போதுமானதாக இருந்திருக்கும். அதே வருஷம் மியூனிக் ஐரோப்பியப் போட்டியில் 200 மீட்டர் வெண்கலம், 20.27. தனி ஓட்டத்தில் பெரியவர்கள் மட்டத்தில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய பதக்கம். எந்தத் தூரத்தில் கிடைத்தது என்று பாருங்கள். 2023 புடாபெஸ்ட் உலகப் போட்டியில் ரிலே வெள்ளி, 37.62, அமெரிக்காவுக்கு அடுத்து. 2024 ஜூனில் சொந்த மண்ணில், ரோமின் ஒலிம்பிகோ மைதானத்தில், ஐரோப்பிய 200 மீட்டர் வெள்ளி. ரிலேயில் மெல்லூட்சோ, ஜேக்கப்ஸ், பத்தா, தோர்த்து சேர்ந்து 37.82-ல் தங்கம். பாரிஸ் ஒலிம்பிக்கில் ரிலே 37.68, நான்காம் இடம், பதக்கத்துக்கும் அவர்களுக்கும் நடுவே நூறில் ஏழு பங்கு.

ரோமில் அந்த 200 வெள்ளி எனக்குக் கொஞ்சம் கசப்பு. தங்கம் எடுத்தவர் சுவிட்சர்லாந்தின் இளைஞர் தீமோத்தே முமென்தாலர், நேரம் 20.28. தோர்த்து 20.41. அவருடைய நல்ல நாளின் 20.1-ஐ அன்று ஓடியிருந்தால் தங்கம் அவருடையது. 'வீணாகிவிட்டாரா' என்று கேட்பவர்கள் மத்ரித்தை வைத்துக் கேட்காமல் இந்த ரோம் மாலையை வைத்துக் கேட்டால் நான் பதில் சொல்லத் திணறுவேன். 200 மீட்டரில் அவர் 20 விநாடிக்குள் போயிருக்க வேண்டியவர். 19 நிறைவதற்குள் 20.34 ஓடியவர் 24 வயதில் 20.10 என்றால் நடுவே சில வருஷங்கள் எங்கோ போய்விட்டன. எங்கே போயின என்பதும் தெரிந்ததுதான், 100 மீட்டர் பிளாக்கில்.

இன்னொரு கேள்வியும் சிலருக்கு வரும்: ஒலிம்பிக் இறுதியில் தனியாக நிற்காத ஒருவர் பத்து வருஷம் இதையே தொழிலாக வைத்துப் பிழைப்பது எப்படி? இத்தாலியில் இதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. ராணுவமும் காவல் படைகளும் விளையாட்டுக் குழுக்கள் வைத்திருக்கின்றன. தோர்த்து இருப்பது ஃபியம்மே ஜல்லே, அதாவது 'மஞ்சள் தீப்பிழம்புகள்'. வரி ஏய்ப்பையும் கடத்தலையும் பிடிக்கும் நிதிக் காவல் படையான குவார்தியா தி ஃபினான்சாவின் குழு. பத்தாவும் தெசாலுவும் அதே குழுதான். ஜேக்கப்ஸ் போலீஸின் ஃபியம்மே ஓரோ. மாதச் சம்பளம், மைதானம், மருத்துவர், ஓட்டம் முடிந்த பிறகும் வேலை. தசை பிடித்து ஒரு பருவம் போனாலும் அடுப்பு அணையாது. இத்தாலியத் தடகளம் பெரும்பாலும் இந்தச் சம்பளப் பட்டியலில்தான் நிற்கிறது. அரசு இப்படி ஆள் வளர்க்கலாமா என்று அங்கேயே விவாதம் உண்டு, ஆனால் மாற்று யாரிடமும் இல்லை.

நேரம் இருந்தால் இரண்டு ஓட்டங்களை அடுத்தடுத்துப் பாருங்கள், இரண்டும் இணையத்தில் கிடைக்கும். முதலில் 2019 தோகா 100 மீட்டர் இறுதி. 30 மீட்டரில் படத்தை நிறுத்தி, கோல்மனுக்கும் தோர்த்துவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு டோக்கியோ ரிலே. தெசாலு கையிலிருந்து பேட்டன் மாறும் இடத்தில் நிறுத்தி, பிரிட்டன்காரர் எத்தனை அடி முன்னால் என்று எண்ணுங்கள். அங்கிருந்து மெதுவாக ஓட்டி, தோர்த்துவின் தோள்களை மட்டும் கவனியுங்கள், காலைப் பார்க்காதீர்கள். மற்ற லேன்களில் தோள் மெல்ல மேலேறிக் கழுத்தோடு ஒட்டும். அவருடையது கடைசிவரை இறங்கியே இருக்கும்.